சார்லி ராபர்ட்ஸ்: இங்கிலாந்துக்கு ஏன் மூன்றே ஆட்டம்?

#1 · நடுவரிசை

நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலீஷ் கால்பந்து என்று பேச்சு எடுத்தாலே ஸ்டீவ் ப்ளூமர், பில்லி மெரடித் என்று இரண்டு பெயரோடு நின்றுவிடுகிறோம். மெரடித் வேல்ஸ்காரர் வேறு. அந்தக் காலத்தின் மிக முக்கியமான இங்கிலீஷ் தொழில்முறை ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் நான் சார்லி ராபர்ட்ஸ் என்பேன்.

1883ல் டார்லிங்டனில் பிறந்தவர். ரயிலும் இரும்புமாக வளர்ந்த ஊர் அது. பிஷப் ஆக்லண்டில் ஆடிவிட்டு, 1903ல் கிரிம்ஸ்பி டவுனுக்குப் போனார். அங்கே ஒரே ஒரு பருவம். 1904 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட் 600 பவுண்டு கொடுத்து வாங்கியது. யுனைடெட் அப்போது இரண்டாம் டிவிஷன் அணி. நியூட்டன் ஹீத் என்ற பழைய பெயரை மாற்றி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1906ல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 1907-08ல் லீக் பட்டம், அதுவும் இரண்டாவதாக வந்த ஆஸ்டன் வில்லாவைவிட 9 புள்ளி அதிகமாக. 1909ல் எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்தை நிர்வகிக்கும் அமைப்பு) நடத்தும் கோப்பை. 1910-11ல் மறுபடி லீக் பட்டம். யுனைடெட்டின் முதல் மூன்று பெரிய வெற்றிகளுக்கும் கேப்டன் இவர்தான். 300க்கு மேற்பட்ட ஆட்டங்கள்.

இப்படிப்பட்டவர் இங்கிலாந்துக்கு ஆடியது மூன்றே மூன்று ஆட்டம். மூன்றுமே 1905ல். அயர்லாந்தோடு 1-1, வேல்ஸோடு 3-1, ஸ்காட்லாந்தோடு 1-0. தோற்கவே இல்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

காரணம் வீரர் சங்கம், அதாவது ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம்தான் என்பது என் கருத்து. சங்கத்தை முன்னின்று நடத்திய ஆளுக்கு எஃப்.ஏ. கதவைச் சாத்தியது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

#2 · கோல்கிக்

நல்ல இழை. ஆனால் தேதி ஒத்துவரவில்லையே. ராபர்ட்ஸ் கடைசியாக இங்கிலாந்துக்கு ஆடியது 1905 ஏப்ரல் 1. வீரர் சங்கம் தொடங்கியது 1907 டிசம்பர் 2, மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில். நடுவே இரண்டரை வருடத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. இன்னும் பிறக்காத சங்கத்துக்காக ஒருவரை எப்படித் தண்டிப்பார்கள்?

---

#3 · பழைய ஸ்கோர்கார்டு

கோல்கிக் சொல்வதோடு இன்னும் ஒன்று. 1906ல் ராபர்ட்ஸை விட்டுவிட்டு நியூகாசிலின் கோலின் வீச்சைச் சேர்த்தார்கள். வீச் 1909 வரை மொத்தம் 6 ஆட்டம் இங்கிலாந்துக்கு ஆடினார். அந்த வீச்சும் தீவிரமான சங்கக்காரர். பின்னாளில் சங்கத் தலைவராகவே இருந்தார். சங்கக்காரர் என்றாலே எஃப்.ஏ. ஒதுக்கியது என்றால் வீச் எப்படி உள்ளே வந்தார்?

1907லிருந்து அந்த சென்டர் ஹாஃப் இடம் பிரிஸ்டல் சிட்டியின் பில்லி வெட்லாக்குக்குப் போனது. அவரை லேசாக எடைபோட வேண்டாம். உயரம் ஐந்தடி நான்கு அங்குலம்தான், ஆனால் உயரமான முன்கள ஆட்டக்காரர்களோடு தலையால் முட்டிப் பந்தை எடுப்பார். 1914க்குள் 26 ஆட்டம் ஆடிவிட்டார். 1906-07ல் பிரிஸ்டல் சிட்டி லீக்கில் இரண்டாவது வந்தது, 1909ல் கோப்பை இறுதிக்கு வந்தது. அந்த இறுதியில் எதிரே நின்றது ராபர்ட்ஸின் யுனைடெட்தான். இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப் தோற்ற பக்கத்திலும், இங்கிலாந்து மறந்துபோன சென்டர் ஹாஃப் ஜெயித்த பக்கத்திலும் நின்ற ஆட்டம் அது.

---

#4 · நடுவரிசை

வீச்சும் வெட்லாக்கும் சாதாரண ஆட்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 26க்கும் 3க்கும் உள்ள தூரத்துக்கு ஆட்டத் திறமை மட்டும் காரணம் என்று நம்ப முடியவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். 1905ல் இங்கிலாந்து ராபர்ட்ஸை எடுத்தபோது அவர் ஆடிக்கொண்டிருந்தது இரண்டாம் டிவிஷனில். யுனைடெட்டிலிருந்து இங்கிலாந்துக்கு ஆடிய முதல் ஆளே அவர்தான். இரண்டாம் டிவிஷனில் இருந்தபோது போதுமானவராகத் தெரிந்தவர், முதல் டிவிஷன் பட்டம் வென்ற கேப்டனான பிறகு போதாதவராகிவிட்டாரா?

அப்போது இங்கிலாந்து அணிக்கு மேனேஜர் என்று யாரும் கிடையாது, அந்தப் பதவி 1946ல்தான் வந்தது. எஃப்.ஏ.வின் தேர்வுக் குழு உட்கார்ந்து முடிவு செய்யும். அதில் இருந்தவர்கள் கிளப் நிர்வாகிகளும் கனவான்களும். அவர்கள் கண்ணில் ராபர்ட்ஸ் சங்கத்துக்கு முன்பே அடங்காத ஆள்தான். 1904ல் கால்சட்டை முட்டியை மூட வேண்டும் என்று எஃப்.ஏ. விதி போட்டது. ராபர்ட்ஸ் குட்டைக் கால்சட்டையோடுதான் ஆடினார், ஓடுவதற்கு அதுதான் வசதி என்று. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் மேலிடத்துக்கு ஒருவனைப் பிடிக்காமல் போக இப்படி ஒன்று போதும்.

---

#5 · புதுவரவு

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். சென்டர் ஹாஃப் என்றால் இன்றைய சென்டர் பேக்தானே? தடுப்பாட்டக்காரரைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே என்று கேட்கிறேன்.

---

#6 · பழைய ஸ்கோர்கார்டு

இல்லை நண்பரே, இதைப் புரிந்துகொண்டால்தான் ராபர்ட்ஸ் யார் என்று புரியும்.

அப்போது எல்லா அணியும் 2-3-5. பின்னால் இரண்டு ஃபுல் பேக், நடுவில் மூன்று ஹாஃப் பேக், முன்னால் ஐந்து பேர். நடு மூவரில் நடுவில் நிற்பவர் சென்டர் ஹாஃப். எதிரணியின் சென்டர் ஃபார்வர்டைப் பிடிப்பதும் அவர்தான், பந்தைப் பறித்து விங்குக்கு நீளமாகத் தள்ளித் தாக்குதலைத் தொடங்குவதும் அவர்தான். வேலை முழு மைதானமும். இன்றைய தற்காப்பு மிட்ஃபீல்டரையும் ஆட்டம் கட்டும் மிட்ஃபீல்டரையும் ஒரே ஆளுக்குள் வைத்தால் ஏறக்குறைய அதுதான். 1925ல் ஆஃப்சைடு விதி மாறிய பிறகுதான் சென்டர் ஹாஃப் பின்னால் இறங்கி இரண்டு ஃபுல் பேக்குக்கும் நடுவில் நின்றார். பெயர் மட்டும் பழையபடியே ஒட்டிக்கொண்டது.

ராபர்ட்ஸுக்கு இந்த வேலைக்கான உடம்பு இருந்தது. நூறு கெஜத்தை 11 நொடியில் ஓடுவார் என்று எழுதியிருக்கிறார்கள். முகம் வெளிறிப்போய் இருக்கும், அதனால் பூட்ஸ் போட்ட பேய் என்று பெயர். இரண்டு பக்கமும் டிக் டக்வொர்த், அலெக்ஸ் பெல். டக்வொர்த்-ராபர்ட்ஸ்-பெல் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். யுனைடெட்டின் அந்த இரண்டு லீக் பட்டங்களுக்கும் முதுகெலும்பு இந்த மூவர்.

---

#7 · சம்பளச்சீட்டு

மூன்று ஆட்டமா முப்பது ஆட்டமா என்ற கணக்கு எனக்கு இரண்டாம்பட்சம். ராபர்ட்ஸ் எதை எதிர்த்து நின்றார் என்பதைப் பேசாமல் அவர் ஆட்ட வாழ்க்கையைப் பேச முடியாது.

1901-02 பருவத்திலிருந்து வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 4 பவுண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்க வரும் ஆட்டக்காரருக்கும் அதே 4 பவுண்டுதான். ஜெயித்தாலும் போனஸ் கூடாது. ஒரு கிளப்பில் கையெழுத்துப் போட்டால் அதற்கு 10 பவுண்டு, அதோடு சரி. 4 பவுண்டு அந்தக் காலத்துத் தொழிலாளி வாங்கியதைவிட அதிகம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆலைத் தொழிலாளிக்கு இருந்த ஓர் உரிமை ஆட்டக்காரருக்கு இல்லை. பிடிக்கவில்லை என்றால் வேறு ஆலைக்குப் போகலாம் என்பதுதான் அது.

ஆட்டக்காரரின் ஒப்பந்தம் ஒரு பருவத்துக்குத்தான். ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவருடைய பதிவு கிளப்பின் கையில். தக்கவைக்கும் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டால் வேறு லீக் கிளப் அவரைத் தொடக்கூடாது. விற்றால் விலை கிளப்புக்குப் போகும். 1905ல் ஆல்ஃப் காமனை மிடில்ஸ்பரோ 1,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. உலகத்தில் முதல் ஆயிரம் பவுண்டு மாற்றம் அதுதான். அவருடைய வாரச் சம்பள வரம்பு என்னவோ எல்லாரையும் போல 4 பவுண்டே.

விதி இப்படி இருந்தால் மேசைக்குக் கீழே பணம் போகாமல் இருக்குமா? மான்செஸ்டர் சிட்டி அப்படிக் கொடுத்து மாட்டியது. 1906ல் எஃப்.ஏ. 17 ஆட்டக்காரர்களைத் தடை செய்து அபராதமும் போட்டது. மெரடித், சாண்டி டர்ன்புல், ஜிம்மி பானிஸ்டர், ஹெர்பர்ட் பர்ஜஸ் நான்கு பேரும் தடை முடிந்ததும் யுனைடெட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். எஃப்.ஏ.விடம் சூடுபட்டவர்கள் எல்லாரும் ராபர்ட்ஸின் உடைமாற்றும் அறையில்! சங்கம் மான்செஸ்டரில் பிறந்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இதைவிடக் கொடுமை. 1907 ஏப்ரலில் யுனைடெட் இரண்டாம் அணி ஆட்டத்தில் தாமஸ் பிளாக்ஸ்டாக் என்ற ஃபுல் பேக் பந்தைத் தலையால் முட்டிய கையோடு விழுந்து இறந்துபோனார். வயது 25. விசாரணையில் இயற்கை மரணம் என்று தீர்ப்பு. குடும்பத்துக்கு நஷ்ட ஈடு எதுவும் கிடைக்கவில்லை. அதே வருடம் டிசம்பரில்தான் இம்பீரியல் ஹோட்டலில் கூடினார்கள். மெரடித் கூட்டத்தை நடத்தினார், ஹெர்பர்ட் புரூம்ஃபீல்டு செயலாளர் ஆனார். ராபர்ட்ஸ் முதல் வரிசையில் இருந்தார்.

---

#8 · கோல்கிக்

சம்பளச்சீட்டு, நல்ல பதிவு. ஒரு சின்ன சேர்க்கை. சங்கம் தொடங்கியபோது எஃப்.ஏ. அதை எதிர்க்கவில்லை, முதலில் அங்கீகரித்தது. தகராறு வந்தது இரண்டு விஷயத்தில். நஷ்ட ஈட்டுக்கும் சம்பளப் பாக்கிக்கும் சங்கம் நீதிமன்றத்துக்குப் போகத் தொடங்கியது. அடுத்து, மற்றத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பில் சேரப் போகிறோம் என்றது. கால்பந்து விவகாரம் எங்களைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்பது எஃப்.ஏ.வின் நிலை. நாளைக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் என்றால் ஆட்டக்காரர்களும் இறங்காமல் நிற்பார்களோ என்ற பயமும் கிளப்களுக்கு இருந்தது.

---

#9 · ஃபாலோஃபீல்டு

1909 கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் அது.

ஏப்ரல் 24, கிறிஸ்டல் பேலஸ் மைதானம், 71,000 பேர். யுனைடெட் 1-0 என்று பிரிஸ்டல் சிட்டியை வென்றது, கோல் சாண்டி டர்ன்புல். டர்ன்புல்லுக்கு அன்றைக்குக் காயம். ஆடவிட வேண்டாம் என்றுதான் இருந்தது. ஒரு கோல் அடித்தாலும் அடிப்பான், விடுங்கள் என்று ராபர்ட்ஸ் வாதாடி இறக்கினார். அடித்தார்.

கோப்பையை வாங்கிய கை ஈரம் காய்வதற்குள் எஃப்.ஏ.வின் உத்தரவு வந்தது. சங்கத்திலிருந்து விலகுகிறேன் என்று ஜூலை 1க்குள் ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் தடை. நாடு முழுவதும் ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. யுனைடெட் ஆட்டக்காரர்கள் மட்டும் மறுத்தார்கள். கோப்பை வென்ற அணி மொத்தமும் தடைக்குள் போனது. சம்பளம் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கமான சம்பள நாள். எல்லாரும் கிளப் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே எடுபிடிப் பையன் ஒருவன் மட்டும் இருந்தான். பணம் இல்லை என்றான். சரி, ஏதாவது ஒன்று போயாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே டர்ன்புல் சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். மற்றவர்களும் தூக்க வசதியாகக் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். கண்ணாடி, தலைவாரும் பிரஷ் என்று கையில் பிடித்தபடி தெருவில் இங்கிலாந்தின் கோப்பைச் சாம்பியன்கள்! ராபர்ட்ஸ் மட்டும் போகவில்லை. அந்தப் பையன் கையைப் பிசைந்துகொண்டு, முதலாளி வந்தால் என் வேலை போய்விடும், கொண்டுவரச் சொல்லுங்கள் சார்லி என்று கெஞ்சினான். ராபர்ட்ஸ் சொல்லித்தான் எல்லாம் திரும்பி வந்தது. பின்னாளில் அவரே எழுதிவைத்த சம்பவம் இது.

தன் சம்பளத்துக்கு வழியில்லாமல் நிற்கும் நேரத்தில் அந்தப் பையனின் வேலை போய்விடக்கூடாது என்று நினைத்தாரே, அதனால்தான் இந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

கிளப் மைதானத்தில் பயிற்சி எடுக்க முடியாது என்றதும் ஃபாலோஃபீல்டில் இருந்த தடகள மைதானத்தில் கூடினார்கள். எவர்ட்டன் ஆட்டக்காரர் டிம் கோல்மனும் வந்து சேர்ந்துகொண்டார். பத்திரிகைப் படக்காரர்கள் வந்தபோது, ஒரு பலகையில் 'அவுட்காஸ்ட்ஸ் எஃப்.சி. 1909' என்று எழுதி முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து படம் எடுத்தார்கள். ஊரைவிட்டுத் தள்ளிவைக்கப்பட்டவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கிளப் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் வைத்ததும் ராபர்ட்ஸ்தான்.

---

#10 · புதுவரவு

அந்தப் படத்தை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். யாருடைய முகத்திலும் பயம் தெரியவில்லை. ராபர்ட்ஸுக்குச் சம்பளம் தவிர வேறு இழப்பு இருந்ததா?

---

#11 · ஃபாலோஃபீல்டு

பெரிய இழப்பு காத்திருந்தது. அவருக்கு நன்றி ஆட்டம் (வசூல் அந்த ஆட்டக்காரருக்கே போகும் ஆட்டம்) ஒன்று நடக்க வேண்டியிருந்தது, 500 பவுண்டு உத்தரவாதத்தோடு. 4 பவுண்டு வாரச் சம்பளத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்தால் வரும் தொகை அது. பூட்ஸைக் கழற்றிய பிறகு கடை வைக்கவோ வீடு வாங்கவோ ஓர் ஆட்டக்காரர் நம்பியிருந்தது இந்த நன்றி ஆட்டப் பணத்தைத்தான். தடை நீங்காவிட்டால் அதுவும் போகும். அப்போது அவருக்கு வயது 26. தெரிந்தேதான் மறுத்தார்.

---

#12 · கோல்கிக்

இவ்வளவு தைரியத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் முடிவு என்ன ஆனது என்பதையும் நேராகச் சொல்வோம்.

ஆகஸ்ட் கடைசியில் மற்ற கிளப் ஆட்டக்காரர்களும் யுனைடெட் பக்கம் சாயத் தொடங்கினார்கள். நியூகாசிலின் வீச் மத்தியஸ்தம் செய்தார். பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள், ஆகஸ்ட் 31, சமாதானம். எஃப்.ஏ. சங்கத்தை மறுபடி அங்கீகரித்தது, தடையை எடுத்தது. போனஸ் கொடுக்கலாம் என்றும் இறங்கி வந்தது. யுனைடெட் ஆட்டக்காரர்கள் சங்கப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு முதல் ஆட்டத்தில் இறங்கினார்கள்.

ஆனால் சம்பள உச்சவரம்பு அப்படியே நின்றது. தக்கவைக்கும் முறையும் போகவில்லை. கொஞ்ச நாளில் சங்க உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு, தொழிற்சங்கக் கூட்டமைப்பு வேண்டாம் என்று விலகிவிட்டார்கள். அதாவது எஃப்.ஏ. கேட்டதில் முக்கியமானது அதற்குக் கிடைத்துவிட்டது. 1912ல் ஹெர்பர்ட் கிங்கபி வழக்கு வந்தது. ஆஸ்டன் வில்லா வைத்த விலையால் வேறு கிளப்பில் ஆட முடியாமல் போனவர் அவர். சங்கம் அவருக்காக வழக்குப் போட்டுத் தோற்றது, செலவில் திவாலாகும் நிலைக்கு வந்தது. இதை வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

---

#13 · சம்பளச்சீட்டு

கோல்கிக், 1909ல் ராபர்ட்ஸும் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1898ல் தொடங்கிய முந்தைய சங்கம் ஒன்று இருந்ததே, மூன்றே வருடத்தில் கரைந்துபோனது. இதுவும் அதே வழியில் போயிருக்கும். கிங்கபி வழக்கை எடுத்து நடத்தித் தோற்பதற்குக்கூட ஒரு சங்கம் மிஞ்சியிருக்காது.

உச்சவரம்பு 1961 ஜனவரியில்தான் போனது. அப்போது வரம்பு வாரத்துக்கு 20 பவுண்டு, சங்கத்தை நடத்தியவர் ஜிம்மி ஹில். 1963ல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில் தக்கவைக்கும் முறை நியாயமற்றது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கிங்கபி தோற்ற அதே கேள்வி, ஐம்பது வருடம் கழித்து. இரண்டையும் சாதித்தது 1907ல் மான்செஸ்டரில் தொடங்கிய அதே சங்கம்தான், பெயர் மட்டும் மாறியிருந்தது. ராபர்ட்ஸ் அதைப் பார்க்கவில்லை. ஆனால் 1909ல் அந்தச் சங்கம் உயிரோடு தப்பியதற்குக் காரணம் ஒரே ஒரு உடைமாற்றும் அறை.

உறுப்பினர்கள் கூட்டமைப்பை விட்டு விலக ஓட்டுப் போட்டதில் அவருக்குக் கசப்பு இருந்தது, உண்மை. ஆனாலும் சங்கத்தை விட்டு அவர் போகவில்லை. போருக்குப் பிறகு தலைவரானார், 1921 வரை இருந்தார்.

---

#14 · டூரின்வாசகன்

ராபர்ட்ஸை இங்கிலாந்து மறந்திருக்கலாம், இத்தாலி மறக்கவில்லை. யாரும் இதைச் சொல்லாததால் எழுதுகிறேன்.

பின்னாளில் இத்தாலி அணியின் பயிற்சியாளரான விட்டோரியோ போட்ஸோ இளைஞராக இங்கிலாந்தில் கொஞ்ச காலம் இருந்தார். யுனைடெட் ஆட்டங்களை விடாமல் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் வெளியே காத்திருந்து ராபர்ட்ஸோடு பேசுவார். சென்டர் ஹாஃபிலிருந்து இரண்டு விங்குக்கும் நீளமாகப் பந்தைத் திறந்துவிடும் அந்த முறை அவர் மனதில் பதிந்துவிட்டது. இங்கிலாந்தில் எல்லாரும் சென்டர் ஹாஃபைப் பின்னால் இறக்கிவிட்ட பிறகும் போட்ஸோ இத்தாலி அணியில் அப்படிச் செய்ய மறுத்தார். 1934 உலகக் கோப்பையில் அந்த இடத்தில் லூயிஸ் மோன்டி நின்றார். கோப்பை வந்தது. 1938ல் மறுபடி வந்தது.

இங்கிலாந்து மூன்று தடவையோடு நிறுத்திக்கொண்ட ஆட்டக்காரரின் பாணியை வைத்து இன்னொரு நாடு அணி கட்டியது. எத்தனை ஆட்டம் ஆடினார் என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

---

#15 · பழைய ஸ்கோர்கார்டு

டூரின்வாசகன் சொன்னது முக்கியம். பின்பாதி வாழ்க்கையையும் போட்டுவிடுகிறேன், இழை முழுமையாக இருக்கும்.

1911 பட்டம் கடைசி நாளில் முடிவானது. ஓல்டு டிராஃபோர்டில் சண்டர்லாண்டை 5-1 என்று அடித்தார்கள், அதே நேரம் வில்லா லிவர்பூலிடம் தோற்றது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். 1913ல் யுனைடெட் அவரை ஓல்டமுக்கு விற்றது, ஆயிரம் பவுண்டைத் தாண்டிய தொகைக்கு. முப்பது வயதான ஒரு ஹாஃப் பேக்குக்கு அது மிகப் பெரிய விலை. மேலே சம்பளச்சீட்டு விளக்கிய அதே விதிதான் இங்கேயும்.

ஓல்டம் அப்போதும் இப்போதும் சின்ன ஊர்க் கிளப். 1914-15ல் அந்த அணி லீக் பட்டத்தை ஒரே புள்ளியில் இழந்தது. எவர்ட்டன் 46, ஓல்டம் 45. அந்தக் கிளப்பின் வரலாற்றில் அதற்குமேல் ஏறியதே இல்லை. அத்தோடு முதல் உலகப் போர் லீக்கை நிறுத்தியது, ராபர்ட்ஸும் ஆட்டத்தை நிறுத்தினார். 1921ல் ஓல்டம் மேனேஜரானார், அடுத்த வருடக் கடைசியில் விட்டுவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது அவருக்கு ஒத்துவரவில்லை.

மான்செஸ்டரில் புகையிலை மொத்த வியாபாரம் செய்தார். ஒரு சுருட்டுக்கு 'டுக்ரோபெல்' என்று பெயர் வைத்தார். டக்வொர்த், ராபர்ட்ஸ், பெல், மூன்று பெயரிலிருந்தும் துண்டு எடுத்துச் சேர்த்தது. தலைச்சுற்றலுக்காக மண்டையில் அறுவை சிகிச்சை செய்ததைத் தொடர்ந்து 1939 ஆகஸ்டில் இறந்தார். 56 வயது.

கண்ணாடியைக் கழற்றிய சாண்டி டர்ன்புல் 1917 மே மாதம் அராஸ் போர்முனையில் இறந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

---

#16 · கோல்கிக்

சம்பளச்சீட்டின் வாதத்தை ஏற்கிறேன். 1909ல் அவர்கள் நின்றதால்தான் சங்கம் நின்றது. ஆனால் இழையின் தலைப்புக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நடுவரிசை, 1905க்கும் 1907க்கும் நடுவில் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேனே?

---

#17 · நடுவரிசை

வருகிறேன். 1906ல் வீச்சை எடுத்தது ஆட்டத் தேர்வு, அதில் சதி எதையும் நான் தேட மாட்டேன். நியூகாசில் 1905ல் லீக் பட்டம் வென்ற அணி, யுனைடெட் இன்னும் இரண்டாம் டிவிஷன். 1907ல் வெட்லாக்கை எடுத்ததும் ஆட்டத் தேர்வுதான்.

என் வழக்கு 1908க்குப் பிந்தையது. அந்த வருடம் யுனைடெட் சாம்பியன். அடுத்த வருடம் கோப்பை. வெட்லாக்கை அதே இறுதியாட்டத்தில் நேருக்கு நேர் வென்றாயிற்று. 1911ல் மறுபடி சாம்பியன். கிளப்கள் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் ஃபுட்பால் லீக் அணி ராபர்ட்ஸை எடுத்தது. எஃப்.ஏ. குழு மட்டும் ஒரு ஆட்டத்துக்குக்கூட எடுக்கவில்லை. வெட்லாக் நன்றாக ஆடினார், அதனால் பெரும்பாலான ஆட்டங்கள் அவருக்குப் போயிருக்கலாம். ஆனால் வேல்ஸோடோ அயர்லாந்தோடோ ஒரு ஆட்டத்துக்காவது வெட்லாக்குக்கு ஓய்வு கொடுத்து ராபர்ட்ஸை அழைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வீச் 1909 வரை எடுக்கப்பட்டார் என்பதும் என் பக்கத்துக்கே உதவுகிறது. 1909 மோதலுக்குப் பிறகு அவருக்கும் ஒரு ஆட்டம் கிடைக்கவில்லையே.

---

#18 · பழைய ஸ்கோர்கார்டு

வீச்சுக்கு 1909ல் வயது 28. அவர் அதற்குப் பிறகும் நன்றாக ஆடினார், 1910ல் நியூகாசில் எஃப்.ஏ. கோப்பை வென்றது. ஆக நடுவரிசையின் கடைசி வரி யோசிக்க வேண்டிய வரிதான். வெட்லாக் இருந்ததால் இருவருக்குமே இடமில்லாமல் போனது என்றும் சொல்லலாம். நான் இன்னும் வெட்லாக் பக்கம்தான் சாய்கிறேன். வீச்சுக்குத் தனி இழை திறக்கலாமா? நாடக மேடை, சோஷலிச அரசியல் என்று அவர் வாழ்க்கையில் பேச நிறைய இருக்கிறது.

---

#19 · நடுவரிசை

திறங்கள். 1909 ஆகஸ்ட் சமாதானப் பேச்சிலிருந்தே தொடங்குங்கள், அதில் வீச்சின் பங்கை இங்கே யாரும் விரிவாக எழுதவில்லை.